படுத்துக் கிடப்பவனும் ஓர் ஆள்

அன்புள்ள மகனே,

குன்னத்துகால் பக்கத்துச் சபை ஒன்றின் கமிட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு, ஒருவர்கூடச் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு ஒரு முடிவை எடுத்தது. முதலுதவி வகுப்பில் காயம்பட்டவராக நடித்துப் படுப்பவர் வலி தாங்காமல் முனகும்போது ‘ஐயோ’ என்று மட்டுமே முனக வேண்டும். அந்தச் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது என்பதால் இரு தரப்புக்கும் ஆட்சேபம் இல்லை. ‘அம்மா’ என்று முனகுவதா, ‘அம்மே’ என்று முனகுவதா என்பது பிறகு பரிசீலிக்கப்படும். தமிழ் ஆராதனைக்காரர் ஒருவர் முன்மொழிந்தார், மலையாள ஆராதனைக்காரர் ஒருவர் வழிமொழிந்தார், போதகர் ஜெபம் பண்ணி முடித்தார். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் இரு தரப்பும் சேர்ந்து எடுத்த முடிவு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நேற்று மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்றுகொண்டே நீ சொன்னதுதான் இதையெல்லாம் எழுத வைக்கிறது. வளைகுடாக் கம்பெனி உன்னை எடுத்திருப்பது கட்டடம் கட்ட அல்ல, கட்டுகிறவர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க. அங்கே பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். இங்கிலீஷ் வகுப்பில் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றார்களாம். “அதில என்னம்மா உண்டு? புஸ்தகத்த அப்படியே தமிழில சொன்னா தீந்துது” என்றாய். நான் மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் வர நேரமாகும் என்பது உனக்குத் தெரியும். நீ விமானம் ஏறுவதற்குள் வந்துவிட்டதே பெரிய விஷயம்.

எல்லைப் போராட்டம் நடந்த காலத்தில் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதற்கு முன் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்திருந்தேன். உன் அப்பா நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தா. இந்தத் தாலுகாக்கள் தமிழ்ப் பக்கம் போக வேண்டுமா, மலையாளப் பக்கம் இருக்க வேண்டுமா என்பது கேள்வி. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் என்று பேசிக்கொண்டிருந்த ஜனங்களிடம் திடீரென்று நீ யார் என்று கேட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் வேறு வேறு பதில் சொன்னார்கள். கல் குவாரியை ஒட்டி ஓலைக் குடிசைகளில் இருந்தவர்களின் நிலை இன்னும் சுவாரசியமானது. அவர்கள் கிழக்கே, கணவாய்க்கு அப்பாலிருந்து மழை பொய்த்த வருடம் பிழைக்க வந்தவர்கள். தமிழ்க் கட்சிக்காரர்கள் தலை எண்ணும்போது அவர்களைச் சேர்த்து எண்ணினார்கள். மற்றவர்கள் வந்தேறிகள் என்று கழித்து எண்ணினார்கள். யாரும் எண்ணாத நாட்களில் அவர்கள் கல் உடைத்தார்கள், அடிபட்டார்கள்.

அவர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். நல்ல மனிதர், அழகான மலையாளம். குவாரி ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்து, அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் தலையாட்டினார்கள். புரிந்ததா என்றார், புரிந்தது என்றார்கள். சந்தேகம் உண்டா என்றார், இல்லை என்றார்கள். அவர் திருப்தியாகப் பஸ் ஏறினார். கொஞ்ச நாளில் ஒருவன் கை கல்லுக்கு அடியில் மாட்டியது. சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்து அப்பி, பழந்துணி சுற்றி, ஒரு வாய் சாராயம் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். கை சீழ்பிடித்து மணிக்கட்டோடு போயிற்று. இந்த ஜனங்களுக்குப் படிக்கும் சக்தி இல்லை என்று பயிற்சியாளர் வருத்தப்பட்டதாகப் போதகர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, “டீச்சர் ஒரு தடவ தமிழில சொல்லிப் பாக்கப்படாதா?” என்றார்.

நானும் நீ சொன்னதைத்தான் செய்தேன். சபைக் கோயிலில் அவர்களை உட்காரவைத்து, புத்தகத்தை அப்படியே தமிழாக்கினேன். ‘குருதிப்பெருக்கு ஏற்படுங்கால்’ என்று தொடங்கியபோது, முன்வரிசையில் வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “டீச்சரம்மா, இது எந்த ஊருத் தமிழு?” என்றாள். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. நான் புத்தகத்தை மூடினேன். அதன் பிறகுதான் வகுப்பும் தொடங்கியது, சண்டையும் தொடங்கியது. காயத்தில் சுண்ணாம்பு வைக்காதே என்றேன். “ஏன் வைக்கப்புடாது? எங்க அப்பன் பாட்டனுக்கெல்லாம் வெச்சுத்தான ஆறுச்சு” என்றாள். ஆறாதவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவள் யோசிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அவள் புருஷன் செல்லையா சொன்னான்: “அவுக வந்து சொல்ல மாட்டாவள்லா.” அன்று ராத்திரி அவனுக்குச் சோறு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சுண்ணாம்பு விவகாரம் அன்றோடு பாதி தீர்ந்தது.

ஸ்ட்ரெச்சர் விவகாரம் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. இரண்டு மூங்கிலைச் சாக்கில் கோத்து ஒன்று செய்திருந்தோம். காயம்பட்டவரின் கால் முன்னால் போகும்படி தூக்க வேண்டும் என்பது புத்தகம். பின்னால் பிடிப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம் என்பது அதன் நியாயம். பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். “நாலு பேரு தூக்கி, காலு முன்னால போனா, அது சுடுகாட்டுக்குப் போற போக்கு டீச்சரம்மா. உசுரோட கிடக்கவன் பயத்துலயே போயிருவான். எங்காளு எவனும் அதுல ஏற மாட்டான்.” எல்லாரும் ஆமாம் என்றார்கள். அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. “அந்தப் பயிற்சியாளரிடம் இதை ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “அந்த ஐயாகிட்ட எந்தப் பாசையில சொல்ல?” என்றாள்.

மகனே, இதற்காகத்தான் இந்தக் காகிதம் முழுக்க. அவர்கள் பாஷையில் சொல்லிக்கொடுப்பது உன் பேச்சு அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டு போகாதே. கைஜாடையில்கூட நிறையப் புரியவைத்துவிடலாம். அவர்கள் உன்னை மறுத்துப் பேச வேண்டும்; அதற்குத்தான் அவர்கள் பாஷை வேண்டும். மறுக்க முடியாதவன் தலையாட்டுவான், பிறகு வீட்டுக்குப் போய்த் தனக்குத் தெரிந்ததைச் செய்வான். உன் வகுப்பில் எல்லாரும் தலையாட்டினால் நீ பயப்பட வேண்டும். நாங்கள் தலையை முன்னால் வைத்துத் தூக்குவது என்று மாற்றிக்கொண்டோம். முகத்தைப் பார்க்கப் பக்கத்தில் ஒருவர் நடந்து வர வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம். தொடை இடுக்கில் ஓடும் நாடியைப் பெருவிரலால் எலும்போடு அமுக்கி இரத்தத்தை நிறுத்துவது எப்படி என்பதை மட்டும், பெண்கள் பிடிவாதம் பிடித்ததால், ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். “கோயிலுக்குள்ள வெச்சு இதயா படிக்கணும்” என்று முக்காட்டுக்குள் சிரித்தார்கள். படித்தார்கள்.

வகுப்பு தமிழில் நடப்பது வெளியே தெரிந்ததும் ஊர் இரண்டு விதமாகக் கவலைப்பட்டது. வாழைக்குலை வியாபாரி தங்கராஜ் தமிழ்க் கட்சியில் முக்கியஸ்தன். அவன் வீட்டுக்கே வந்தான். “டீச்சரே, ஊர்வலத்துக்கு உங்க ஆளுவள ஒரு பக்கமா நிறுத்தித் தரணும். அடி விழுந்தா கட்டுப்போட ஆளு உண்டுண்ணா பயலுவளுக்கு ஒரு தைரியமாக்கும்.” அடி விழாமல் நடத்த முடியாதா என்றேன். “அடி விழாத சமரத்த பேப்பரில போடமாட்டினும்” என்றான். போலீஸ் ஸ்டேஷனிலும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள்: அடிபடப் போவது முன்கூட்டியே தெரிந்தவர்கள்தான் கட்டுப்போடப் படிப்பார்கள். அதனால் வகுப்பைக் கவனித்து அறிக்கை கொடுக்க ஏட்டு நாணுப்பிள்ளையை அனுப்பினார்கள். அவர் முதலில் ஜன்னலுக்கு வெளியே நின்றார். மழை வந்ததும் வாசலுக்கு வந்தார். கால் வலித்ததும் கடைசி பெஞ்சுக்கு வந்தார். வகுப்புக்கு ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவர் அவர் ஒருவர்தான்.

பிறகு தடை உத்தரவு வந்தது. ஐந்து பேர் சேர்ந்து நின்றால் கூட்டம். உன் அப்பா கோர்ட்டிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், போதகரையும் என்னையும் உட்காரவைத்து விளக்கினார். “நாலு பேரு தூக்குவினும். ஒருத்தன் கிடப்பான். ஆக மொத்தம் அஞ்சு. கூட்டமாக்கும்.” போதகர், “அவன் கூடி நிக்கல்லியே, கிடக்கியான் இல்லியா?” என்றார். “கிடக்கியவனும் ஆளுதான். சட்டத்தில நிக்கணும் இருக்கணும் எண்ணு ஒண்ணும் இல்ல.” முகம் பார்த்து நடப்பவளையும் சேர்த்தால் ஆறு ஆகிறதே என்றேன். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். உன்னையும் எண்ண வேண்டுமா என்று கேட்டேன். உன் அப்பா அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. வக்கீலிடம் கேட்டுவிட்டு மறுநாள் வந்து, வெளியே வரும்வரை கணக்கில்லை என்றார். நோயாளி இல்லாமல் பயிற்சி செய்வது என்று தீர்மானமாயிற்று. குவாரிக்காரர்களுக்கு ஆளுக்குப் பதில் எதைக் கிடத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல் ஏற்றினார்கள். ஊரெங்கும் கல்லெறி நடக்கும் சமயத்தில், நாலு தமிழர்கள் சாக்கு நிறையக் கல்லைச் சுமந்து மைதானத்தைச் சுற்றி வருவதை நாணுப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தார். “டீச்சரே, இது எங்ஙோட்டா?” என்றார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்கிறார். இதுதான் நோயாளி, உங்கள் பாஷையில் தீனக்காரன் என்றேன். அருகில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்ல கடுத்த தீனமாக்கும்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததில் தமாஷ் குறைவு. ஒரு நாள் கடையடைப்பு. பஸ் இல்லை. தெற்கே எங்கோ சுட்டுவிட்டார்கள் என்று காலையிலிருந்து ஒரே பேச்சு. எங்கே, யாரை என்று யாருக்கும் தெரியவில்லை. குவாரியில் மட்டும் வேலை நடந்தது, ஏனென்றால் குவாரிக்காரர்களைக் கடையடைப்பில் சேர்க்க இரு தரப்பும் மறந்துவிட்டன. ஒரு வெடி வெடிக்காமல் நின்றது. செல்லையா எட்டிப் பார்க்கப் போனபோது வெடித்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே காலாக இல்லை. பேச்சியம்மாள் காயத்தின்மேல் தன் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தாள். அதையும் மீறி வந்த இரத்தத்தை நிறுத்த, அத்தனை ஆண்கள் நடுவில், அவன் தொடை இடுக்கில் இரண்டு பெருவிரலையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். யாரோ சுண்ணாம்பு டப்பாவோடு ஓடிவந்தார்கள். கையை எடுக்காமல் காலால் அதைத் தட்டிவிட்டாள். “தூக்குங்க” என்றாள். “தல முன்னால.”

பாறசாலை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். நாலு பேர் தூக்கினார்கள், குனிந்தபடி பேச்சியம்மாள் கூடவே நடந்தாள். உன் அப்பா சொல்லிவைத்தபடி நான் கொஞ்சம் தள்ளி, வேறு வேலையாகப் போகிறவள் மாதிரி பின்னால் நடந்தேன். அவள் விரல் வழுக்கும்போதெல்லாம் சாக்கின் அடியிலிருந்து செம்மண்ணில் சொட்டும். சொட்டு நின்றால், மறுபடி பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். நான் வழி முழுவதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். செல்லையா முதலில் பேசிக்கொண்டிருந்தான், பிறகு முனகினான், பிறகு முனகவில்லை.

ஜங்ஷனில் துப்பாக்கிப் போலீஸ் நின்றது. வடக்கிலிருந்து புதிதாக வந்த சப் இன்ஸ்பெக்டர். இளைஞர், இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். நிறுத்தச் சொல்லி எண்ணினார். ஆறு பேர். நாலுக்கு மேல் விடமுடியாது, இரண்டு பேர் விலக வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னார். பேச்சியம்மாளுக்கு அது புரியவில்லை. அவர் கை அவளை விலகச் சொல்லிக் காட்டியது மட்டும் புரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஓடினேன், இப்போது ஏழு பேர். அவள் கையை எடுத்தால் அவன் செத்துவிடுவான் என்று மலையாளத்தில் சொன்னேன். அப்படியானால் தூக்குகிறவர்களில் இரண்டு பேர் போகட்டும் என்றார். அந்த மேட்டில் ஆளுக்கு இரண்டு பிடியாக இருவர் மட்டும் ஆட்டாமல் தூக்க முடியாது, ஆடினால் விரல் நிற்காது என்றேன். “எனிக்கு அதொன்னும் அறியண்டா” என்றார். அதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டியதில்லை என்று அர்த்தம். ஒரு துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பியது. செல்லையாவின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது.

பின்னால் நின்ற போலீஸ்காரர்களிலிருந்து நாணுப்பிள்ளை முன்னால் வந்தார். “சாறே, ரெண்டு பேரு மாறிக்கோட்டே. பகரம் ஞானும் இவனும் பிடிக்காம்” என்றார். இரண்டு பேர் விலகட்டும், அவர்களுக்குப் பதில் நானும் இந்தக் கான்ஸ்டபிளும் பிடித்துக்கொள்கிறோம் என்கிறார். சப் இன்ஸ்பெக்டர் யோசித்தார். போலீஸைக் கூட்டத்தில் சேர்த்து எண்ணும் வழக்கம் இல்லை. செல்லையா, பேச்சியம்மாள், தூக்குகிற இருவர்: நாலு. தலையசைத்தார். நாணுப்பிள்ளை தன் தடியை நோயாளியின் பக்கத்தில் கிடத்தி, மூங்கிலைப் பிடித்து, மற்ற மூவரையும் பார்த்துச் சுத்தமான தமிழில், “நான் சொல்லாமல் யாரும் கீழே வைக்கக் கூடாது. மூன்று எண்ணியதும் தூக்கு” என்றார். வார்த்தைக்கு வார்த்தை என் வகுப்பு. நான் மறுபடி பின்தங்கினேன்.

பாறசாலைச் சந்தையை நெருங்கியபோது எங்களுக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு தமிழனை இரத்தத்தோடு தூக்கி வருகிறார்கள் என்றால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? தங்கராஜ் முன்னால் நின்றான், அவனுக்குப் பின்னால் தெரு அடைத்து ஆட்கள். “எங்க வெச்சுச் சுட்டான்?” என்று கேட்டான். “யாரும் சுடல. குவாரி வெடி” என்றாள் பேச்சியம்மாள். “பயப்படாத தங்கச்சி. நாங்க உண்டு. உள்ளதச் சொல்லு.” “உள்ளதத்தான் சொல்லுதேன், வழிய விடும்.” அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான், பிறகு அவளிடம், “அந்தக் கையத் தூக்கி ஜனங்களுக்குக் காட்டு. ரத்தத்த எல்லாரும் பாக்கட்டு” என்றான். அவள் தலையை நிமிர்த்தவில்லை. “கைய எடுத்தா ஆளு போயிரும். ரத்தம்தான் வேணும்னா நீரு வந்து இதுல பிடியும். நான் காட்டுதேன்.”

அவன் பிடிக்க வரவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கல் வந்து நாணுப்பிள்ளையின் புருவத்தில் பட்டது. நான் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஸ்ட்ரெச்சர் அதே உயரத்தில் இருந்தது. இரத்தம் கண்ணில் வடிய அவர் மூங்கிலைப் பிடித்தபடி நின்றார். கூட இருந்த கான்ஸ்டபிள் ஒரு கையை எடுக்கப் போனான். “வைக்கச் சொன்னேனா?” என்றார் நாணுப்பிள்ளை, தமிழிலேயே. தங்கராஜ் அந்த முகத்தையும் பேச்சியம்மாளின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தான். “வழி விடுங்கலே” என்று கத்தினான். வழி விட்டார்கள். விட்டவர்கள் வீட்டுக்குப் போகவில்லை; பின்னால் சேர்ந்துகொண்டு, கோஷம் போட்டபடி, ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார்கள்.

நீ போகிற இடத்தில் எல்லையைப் பற்றி உன்னிடம் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் எண்ணுகிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள். வேலைக்கு எத்தனை பேர், விசாவுக்கு எத்தனை பேர், கணக்குக்கு எத்தனை பேர் என்று உன் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்ப்பார்கள். அதை நீ தடுக்க முடியாது. நீ செய்யக்கூடியது, ஒருவன் கீழே கிடக்கும்போது பக்கத்தில் இருப்பவனுக்கு விரலை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான். அதை அவனோடு சண்டை போட்டு, அவன் பயம் என்ன என்று கேட்டு, நீயும் கொஞ்சம் தோற்றுச் சொல்லிக்கொடு. உன் அப்பா நல்ல சூட்கேஸ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதன் பூட்டு சரியில்லை, கயிறு கட்டிக்கொள். வெயிலில் நிற்கும்போது உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் குடி.

செல்லையா பிழைத்தான். வலது கால் முழங்காலோடு எடுக்கப்பட்டது. நாணுப்பிள்ளை அடுத்த மாதம் வடக்கே மாற்றப்பட்டார். கமிட்டி கூடி, நிலைமை சீராகும்வரை வகுப்பை நிறுத்திவைத்தது. தடையை மீறிச் சந்தை வழியாக ஊர்வலம் நடத்தியதாக நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வழக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட பிரதிகள் ஐந்து பேர்: செல்லையா, பேச்சியம்மாள், தூக்கிய குவாரிக்காரர்கள் இருவர், நான். செல்லையா முதல் பிரதி. முதல் வாய்தா அன்றும் தடை உத்தரவு அமலில் இருந்தது. அவனை நாலு பேர் கோர்ட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.